எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது

1

நான் புனேயில் செய்கிற வேலைக்குத் தமிழில் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. மராத்தியில் பாள்ணாகர் என்பார்கள். தொட்டில் வீடு என்று பொருள். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், சாயங்காலம் வந்து கூட்டிப் போவார்கள். நடுவில் சோறு, தூக்கம், விளையாட்டு, அழுகை எல்லாம் என் பொறுப்பு. புனேயின் கட்கிப் பகுதியில் தரைத்தளத்தில் வீடு. வாசலில் ஒரு கிரில் கதவு, பின்னால் சின்னதாக ஒரு பால்கனி. என் வீட்டுக்காரர் இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி நான் கோவில்பட்டியிலிருந்து வந்தது அவர் வேலைக்காகத்தான்.

வீட்டில் ஒரு நாயும் உண்டு. பிள்ளையை விடலாமா என்று கேட்டு யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது அதைத்தான். என்ன சாப்பாடு, எத்தனை மணி வரை, மாதம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். "ஆம்ச்யா கரீ குத்ரா ஆஹே." எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது. இத்தனை வருடத்தில் எனக்குப் பிழையில்லாமல் சொல்ல வருகிற மராத்தி வாக்கியம் அநேகமாக இது ஒன்றுதான்.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் இதே வாக்கியத்தைத் தமிழில் ஒருவரிடம் சொன்னேன். அதற்காக எங்கள் கட்டடத்தில் சிலர் என்னைக் கிறுக்கி என்கிறார்கள். என் மகள் காவ்யா என்னை "ஜித்தி" என்கிறாள். பிடிவாதக்காரி என்பதற்கு இந்த ஊர்ச் சொல். ஊரிலிருக்கும் தங்கையிடம் போனில் சொன்னால் அவளும், "உனக்கு எதுக்குக்கா ஊர் வம்பு?" என்கிறாள். எல்லோரும் சொல்லட்டும். நடந்ததை நான் எழுதிவிடுகிறேன், நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2

முதலில், நான் ஏன் இப்படி ஆனேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

காவ்யாவுக்கு இரண்டு வயதாகும்போது நான் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். மராத்தி சுத்தமாகத் தெரியாது. இந்தியும் ஆட்டோக்காரரிடம் பேசுகிற அளவுக்குத்தான். பக்கத்துச் சந்தில் ஓர் அம்மாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் அவரைக் காகூ என்பார்கள், அத்தை மாதிரி. சுத்தமான வீடு. பிள்ளைக்குத் தலைவாரி, பவுடர் போட்டு, வயிறு நிரம்பத்தான் அனுப்புவார். குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்துக் காவ்யா புதிதாக ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்தாள். காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்துக்குள் திரும்பினால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பூ பூ, பூ பூ" என்பாள். எனக்கு ஒரே சந்தோஷம். பிள்ளை தமிழ் பேசுகிறாள், பூ கேட்கிறாள். கட்கி பஜாரில் பூ விற்கிறவரிடம் தினமும் ஒரு துண்டு மல்லிகைச் சரம் வாங்கி அவள் குட்டித் தலையில் கிளிப் போட்டு வைத்துவிடுவேன். பூவை வைத்த பிறகும் அவள், "பூ பூ" என்று அழுவாள். இன்னும் கேட்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் பஸ் பிடிக்க ஓடுவேன்.

ஒருநாள் பெரிய மழை. அலுவலகத்தைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். நான் காகூ வீட்டுக்குப் போனபோது கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே போனேன். கூடத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதன்மேல் காவ்யா இரண்டு காலையும் மடக்கி வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே பெட்டியை ஒட்டி ஒரு பெரிய பழுப்பு நாய் படுத்திருந்தது. அது அவளை ஒன்றும் செய்யவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. அவளும் அழவில்லை. அழாமல் அப்படி உட்காரப் பழகியிருந்தாள், அதுதான் என்னை உலுக்கியது. என்னைப் பார்த்ததும் விரலைக் கீழே நீட்டி, "பூ பூ" என்றாள்.

மராத்திக்காரர்கள் குழந்தையிடம் நாயைக் காட்டி அப்படித்தான் சொல்வார்களாம். நம் ஊரில் தோ தோ என்கிறோமே, அதுபோல. நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒரே பூதான். அவர்கள் சொல்லும்போது அடிவயிற்றிலிருந்து கொஞ்சம் காற்று சேரும். அந்தக் காற்று என் காதில் விழவில்லை. என் பிள்ளை வாரக்கணக்கில் தினமும் காலையில் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அடுக்களையிலிருந்து காகூ வந்தார். நான் எனக்குத் தெரிந்த இந்தியில், "நாய் இருக்கிறது என்று ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். பெற்றோர் வருகிற நேரத்தில் அதைக் குளியலறையில் அடைத்துவிடுவாராம். அவர் ஒன்றும் பதறவில்லை. "சொல்லியிருந்தால் பிள்ளையை விட்டிருப்பாயா?" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. தமிழில் சொன்னேன், கொஞ்ச நேரம் சொன்னேன். அவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் நான் முடிக்கும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்த் தெருவில் இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டில் நாய், எது குரைக்கும், எது காலைப் பிடிக்கும் என்று புதிதாக வருகிற தபால்காரருக்குக்கூட ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். இங்கே அப்படியில்லை. மூடின கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை உள்ளே இருப்பவர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

அந்த வாரமே வேலையை விட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டில் சும்மாவும் இருக்க முடியாது. நானே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

3

நாய் வந்தது பல வருடம் கழித்து. தொழிற்சாலை வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டி. என் வீட்டுக்காரர் அங்கிருந்தே போன் செய்தார். "காவ்யாகிட்ட முதல்ல கேளு. அவ வேண்டாம்னா இங்கேயே யார்ட்டயாவது விட்டுட்டு வாரேன்." காவ்யா நெடுநேரம் யோசித்து, "அது என் ரூமுக்கு வரக்கூடாது" என்றாள். ஒரு மாதம்வரை குட்டி அவள் அறைப் பக்கம் போகவில்லை. பிறகு அவளேதான் கதவைத் திறந்துவிட்டாள்.

உருண்டையாக இருந்ததால் குண்டு என்று பெயர் வைத்தோம். நாய் உரிமம் எடுக்கப் போனபோது அலுவலகத்தில் பெயர் கேட்டார்கள். சொன்னேன். என் உச்சரிப்பில் கடைசி எழுத்து எங்கே போனதோ, ரசீதில் குண்டா என்று விழுந்துவிட்டது. இந்தியில் அதற்கு ரவுடி என்று அர்த்தம். திருத்த வேண்டுமென்றால் திரும்ப மனு எழுதி, போட்டோ ஒட்டி, இன்னொரு சன்னலில் நிற்க வேண்டும் என்றார்கள். ரவுடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வந்துவிட்டேன். அது சாதுவான நாய். இருந்தாலும் நாய்.

என் வீட்டில் சில கட்டுப்பாடுகள் உண்டு. நான் இல்லாத அறையில் நாயும் பிள்ளையும் சேர்ந்து இருக்கக்கூடாது. பிள்ளைகள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குண்டு பின் பால்கனியில், கதவு சாத்தியிருக்கும். தடுப்பூசி தவறுவதில்லை. புதிதாக வருகிற பிள்ளையின் அம்மா, அப்பா இரண்டு பேரும் வந்து நாயைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை விட வேண்டும்.

இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டால் வராமல் போனவர்கள் நிறைய. மாடியிலிருக்கும் சுனந்தா தாயி எனக்கு நல்ல சிநேகிதி. தாயி என்றால் இங்கே அக்கா. அவர்தான் பலரையும் என்னிடம் அனுப்புவார். அவருக்கே பொறுக்காது. "நீயே ஏன் வாசலில் வைத்துச் சொல்கிறாய்? இரண்டு நாள் பிள்ளை இருக்கட்டும், பழகட்டும், பிறகு மெதுவாகச் சொல்லேன்" என்பார். பழகிய பிறகு சொன்னால் அது சொல்வது இல்லை, மாட்ட வைப்பது. இதை மராத்தியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டுவேன். நான் சம்மதித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்வார்.

என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லாம் மராத்தி, இந்தி பேசுகிறவர்கள். குண்டுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஆகவே அவர்கள் எல்லோரும், "உக்காரு", "தள்ளிப் போ", "பேசாம இரு" என்று அழகாகச் சொல்வார்கள். என் மகளைவிடத் திருத்தமாகச் சொல்வார்கள். காவ்யா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தமிழ் பேசுவாள், பாதியில் இந்திக்குத் தாவிவிடுவாள். வாசிக்க வராது. அதனால் அவளைப் பற்றி இங்கே நான் தாராளமாக எழுதலாம்.

4

நித்யா வந்தது சுனந்தா தாயி சொல்லித்தான். கோயம்புத்தூர்ப் பெண். புருஷன் பெண்டாட்டி இருவரும் கம்ப்யூட்டர் வேலை. மகன் கவினுக்கு மூன்று வயது. பிள்ளை பிறந்தபோது வேலையை விட்டவள், இப்போது திரும்பச் சேர ஓர் இடம் கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

கவின் பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னது புரிகிறது, வாய் திறப்பதில்லை. வீட்டில் ஒரு மொழி, லிஃப்டில் ஒரு மொழி, பார்க்கில் இன்னொன்று. கொஞ்ச நாளைக்கு ஒரே மொழியில் பேசிப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தமிழ் பேசுகிற வீடாகத் தேடி அலைந்திருக்கிறாள்.

போனில் முதல் வார்த்தையே, "அக்கா" என்றாள். இங்கே என்னைத் தாய்மார் எல்லாம் மாவ்ஷி என்பார்கள். சித்தி என்று அர்த்தம், வேலைக்கு வருகிற பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு வேற்று மனுஷி என்னைத் தமிழில் அக்கா என்று கூப்பிட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. என் வாக்கியத்தைச் சொன்னேன். "பரவால்லைங்க்கா, எங்க அம்மா வீட்லயும் நாய் இருந்துச்சு" என்றாள்.

நேரில் வந்தாள். குண்டு எட்ட நின்று வாலை ஆட்டியது. கவின் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நித்யா என் சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரை வந்து, எட்டிப் பார்த்து, வாங்கி ஒரு வாய் சாப்பிட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்றாள்.

"ஒரே ஒரு விஷயம்ங்க்கா. நாய் இருக்கறது எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்."

"எப்படிம்மா தெரியாம போகும்?"

"அவருக்குச் சின்ன வயசுல நாய் கடிச்சு, தொப்புளச் சுத்தி ஊசி போட்டிருக்காங்க. ரோட்டுல நாய் நின்னாலே எதுத்த பக்கம் போயிருவாரு. தெரிஞ்சா ஒத்துக்கவே மாட்டாருங்க்கா. இங்க அவர் எப்பவாவதுதான் வருவாரு. வர்ற அன்னிக்கு நான் முன்னாடியே போன் பண்ணிடறேன். பின்னாடி கட்டி வச்சிருங்க."

"பிள்ளை சொல்லிப்புடுவானே."

"அவன் எங்கீங்க்கா பேசறான்" என்றாள்.

அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அலுத்துப்போய், தன் கவலையைத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அந்த இரும்புப் பெட்டி கண்முன் வந்துவிட்டது. சொல்லத் தெரியாத பிள்ளையை நம்பி ஒளித்து வைக்கிற காரியம்.

"நீ அவனை எதுக்கு இங்க கொண்டாந்து விடுத? பேசத்தானே" என்றேன். "பேச ஆரம்பிச்சா முதல்ல எதைச் சொல்லுவான்? குண்டைத்தான் சொல்லுவான். அன்னைக்கு என்ன செய்வ, அவன் வாயைப் பொத்துவியா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு வேற வழி இல்லீங்க்கா. திங்கக்கிழமை சேரலைன்னா அந்த வேலை போயிரும்."

"ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டு வா. அதுக்குள்ள நீயே சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

தலையாட்டிவிட்டுப் போனாள். நானும் சுனந்தா தாயிக்கு அப்படித்தான் தலையாட்டுவேன் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தினேஷ் என்று பெயர், மரியாதையான பையன். கையில் ஸ்வீட் பாக்கெட். உட்கார்ந்ததும், "ரொம்ப சந்தோஷம்ங்க. இந்த ஊர்ல நம்மாளுக வீடு கிடைக்கும்னு நினைக்கவே இல்ல" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவள் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. நித்யா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் தவிர வேறொன்றுமில்லை. குண்டு பின் பால்கனியில் சத்தமில்லாமல் படுத்திருந்தது. நான் காபி போட எழுந்து போயிருந்தால் அந்த நாள் நன்றாகவே முடிந்திருக்கும்.

"தம்பி, எங்க வீட்டில நாய் இருக்கு" என்றேன். "உங்க பிள்ளை பகலெல்லாம் அது இருக்கிற வீட்டிலதான் இருப்பான். நீங்க தெரிஞ்சுக்கிடணும்."

அவர் பின்கதவைப் பார்த்தார். பிறகு நித்யாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

நித்யா வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "நல்லா இருங்க" என்றாள். "எம் பொழப்பைக் கெடுத்துட்டு நல்லா இருங்க."

அன்று வீட்டில் பெரிய சண்டை. காவ்யாதான் ஆரம்பித்தாள். "அம்மா, உனக்கு என்ன ஜரூரத், என்ன தேவை? அவங்க ஹஸ்பெண்ட் வைஃப் நடுல நீ எதுக்குப் போற? அந்த ஆன்ட்டியோட ஜாப் போச்சு."

"நான் நடுவில போகலை. அவதான் என் நாயை அவங்க நடுவில ஒளிக்கச் சொன்னா."

"சின்ன பாத் தானே."

"உனக்கு இரண்டு வயசில நடந்ததும் சின்ன விஷயம்தான். ஒண்ணும் ஆகலைதான்."

"எனக்கு யாதே இல்ல அதெல்லாம்" என்றாள். உண்மைதான், அவளுக்கு நினைவில்லை. பூ வைத்துவிட்ட கதையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் மறந்துவிட்டது எனக்கு நிம்மதி. ஆனால் அவள் மறந்ததற்காக நானும் மறக்க முடியாது.

6

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் கிரில் கதவுக்கு வெளியே தினேஷ் நின்றார். தனியாக வந்திருந்தார். உள்ளே வரவில்லை.

"உங்க நாயைப் பாக்கணுங்க."

"எதுக்கு தம்பி?"

"தெரியலீங்க. பாக்கணும்."

குண்டைக் கயிற்றில் பிடித்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அவர் ஒரு எட்டுப் பின்னால் போய் மதிலில் சாய்ந்துகொண்டார்.

"இது கடிக்குமுங்களா?"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "ஒண்ணும் பண்ணாது தம்பி, சும்மா வாங்க" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கினேன். "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல தம்பி. இனிமேலும் கடிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். பல்லு உள்ள ஜீவன். அதனாலதான் பிள்ளைக பக்கத்தில அதைத் தனியா விடுறதில்ல." எங்கள் கட்டுப்பாடுகளை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"என்னைக் கடிச்ச நாயோட வீட்டுக்காரரும் இப்படித்தானுங்க சொன்னாரு. ஒண்ணும் பண்ணாது, வா தம்பின்னு. அதை நம்பித்தான் உள்ள போனேன்" என்றார். "கடிக்காதுன்னு சொல்ல மாட்டேன்னு ஒருத்தர் சொல்லி இப்பத்தான் கேக்கறேன்."

மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். வெளியே நின்று பார்ப்பார். பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கும் முன் நான் குண்டைப் பின்னால் கொண்டுபோய் விடுவதையும், கதவைச் சாத்திவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பதையும் பார்ப்பார். நித்யா புது ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் தள்ளி வாங்கியிருந்தாள் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வார முடிவில், "விடறோமுங்க. ஆனா நான் கூப்பிட வரும்போது நாய் உள்ள இருக்கணும், கிரில் பூட்டியிருக்கணும். எனக்குப் பயம் போகாது" என்றார். போக வேண்டியதில்லை என்றேன். பயத்தைச் சொல்லிவிட்ட மனுஷரோடு எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

கவின் இப்போது என்னிடம்தான் வளர்கிறான். போன மாதம் ஒருநாள் அப்பா வந்து வெளியே நின்றபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குண்டு தூங்குது" என்றான். இரண்டு வார்த்தையைச் சேர்த்து அவன் சொன்னது அதுதான் முதல். தினேஷ் கம்பிக்கு வெளியே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்கடா தூங்குது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சுனந்தா தாயி இதைக் கட்டடம் முழுக்கச் சொல்லி, நான் செய்ததுதான் சரி என்று இப்போது பேசுகிறார். அவர் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் பிள்ளையை விடாமல் போயிருந்தாலும் நான் செய்தது சரிதான். கவின் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலும் சரிதான்.

நித்யா என்னை மன்னிக்கவில்லை. முதல் நாள் பிள்ளையை விடும்போதே சொல்லிவிட்டாள். "எங்க வீட்ல ஒரு வாரமா பேச்சே இல்ல. அவரு இன்னமும் நான் எது சொன்னாலும் ரெண்டு தடவை கேக்கறாரு. நானே சொல்லியிருப்பேன், எனக்கு நேரம் குடுத்திருக்கலாம். குழந்தையை நீங்க நல்லா பாத்துக்குவீங்க, அதுக்கு விடறேன். அவ்வளவுதான் மேடம்."

மேடம். கோயம்புத்தூர் இழுவையோடு அவள் சொன்ன அந்த அக்கா போய்விட்டது. எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ஒவ்வொரு நாளும் காது தானாகவே அதை எதிர்பார்க்கிறது. ஆனால் நாளைக்கு இன்னொரு பெண் வந்து, அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டு இதையே கேட்டாலும் அவள் புருஷன் முகத்தைப் பார்த்து நான் சொல்லத்தான் செய்வேன்.

இன்று காலையும் நித்யா வந்தாள். கவினை இறக்கிவிட்டு, பையைக் கொடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், "வரேங்க மேடம்" என்றாள்.

"சரிம்மா. ரோடெல்லாம் ஈரமா கிடக்கு, மெதுவாப் போ" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.